மேட்டு நிலப் பண்ணையமும் அதன் கணக்கும்

கொங்கு நாட்டில் ஒரு நடுத்தரப் பண்ணையத்தை எடுத்துக்கொண்டால் அதற்குள் பல கால அளவுள்ள வருமானங்கள் சேர்ந்தே கிடக்கும். பால் நாளுக்கு இருவேளை கறக்கிறது. பணம் 10 அல்லது 15 நாளுக்கு ஒருமுறை வருகிறது. தேங்காய் வெட்டு 45 முதல் 60 நாளுக்கு ஒன்று. நிலக்கடலைக்கு மூன்றரை மாதம், மஞ்சளுக்கு ஒன்பது மாதம். கிடேரிக் கன்று கறவைக்கு வர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். செலவுகள் இந்த வரிசையைப் பார்த்து வருவதில்லை. மஞ்சள் நடவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வைகாசி, ஆனியில் ஒன்றாக வந்து நிற்கும். மோட்டார் சுருள் கருகுவது எந்த மாதத்திலும் நடக்கும். ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் வரவு மிஞ்சும் பண்ணையம்கூட நடுவில் இரண்டு மாதம் கையில் பணமின்றி, தீவனமின்றி, தண்ணீரின்றி முடங்கிவிடுகிறது. நொடித்துப்போன பண்ணையங்கள் பலவற்றின் கதை இதுதான். தண்ணீர், தீவனம், கால்நடை, இயந்திரம், பணம் ஆகியவற்றின் காலங்களை ஒன்றோடொன்று பொருத்துவதே பண்ணை மேலாண்மையின் பெரும் பகுதி.

இதை ஓர் எடுத்துக்காட்டுப் பண்ணையத்தை வைத்துப் பார்ப்பது எளிது. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் ஏழு ஏக்கர் என்று கொள்ளலாம். நான்கு ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம்; மூன்று ஏக்கர் மழையை நம்பிய மேட்டுக்காடு. தோட்டத்தில் இரண்டு ஏக்கர் தென்னை, 40 சென்ட் தீவனப்புல், மீதியில் மஞ்சளும் கடலையும் மாறிமாறி. கட்டுத்தரையில் மூன்று கலப்பினப் பசுக்கள், பட்டியில் 20 பெட்டையாடுகள். இங்கே வரும் விலைகளும் கூலியும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் கணக்கு தண்ணீருடையது. இந்தப் பகுதியில் ஆண்டு மழை பெரும்பாலும் 600 முதல் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். கால்வாய்ப் பாசனம் கிடைக்கும் இடங்களிலும் முறை வைத்துத்தான் தண்ணீர். 1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தில் ஏறத்தாழ 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பாதிக்கு நஞ்சைப் பயிருக்கும், மறுபாதிக்கு அதற்கடுத்த பருவத்தில் புஞ்சைப் பயிருக்கும் நீர் விடப்படுகிறது. மறு ஆண்டு முறை மாறும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் நான்கு மண்டலங்கள் உண்டு. ஒரு மண்டலத்தின் முறை மீண்டும் வர இரண்டு ஆண்டு ஆகிவிடும். காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகள் இந்தத் திட்டத்தின் கடைமடையில் இருக்கின்றன. ஆகவே கால்வாயை மழையைப் போல வைத்துக்கொண்டு, அன்றாடத் திட்டத்தைக் கிணற்றின் மேல் போடுவதுதான் வழக்கம்.

கிணற்றை எந்த மாதத்தில் அளப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. தை மாதத்தில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் இறைக்கும் கிணறு சித்திரையில் 40,000 லிட்டருக்கு வந்துவிடும். தையில் நிறைந்த கிணற்றைப் பார்த்துப் பயிர்ப் பரப்பை முடிவு செய்பவர் சித்திரையில் எதைக் காயவிடுவது என்று யோசிக்கவேண்டிவரும். கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும். சொட்டுநீர் போட்ட தென்னைக்குக் கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்றால், ஏக்கருக்கு 70 மரம் வீதம் 140 மரத்துக்கு 11,200 லிட்டர். கோடையில் பச்சைப் பயிர் நாளுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் கேட்கும். அது ஏக்கருக்கு 20,000 லிட்டர். 40 சென்ட் புல்லுக்கு 8,000. மாடு, ஆடு, வீட்டுப் புழக்கத்துக்கு 1,000. ஆக 20,000 லிட்டர் சொச்சம் ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது. மிஞ்சுவது இன்னொரு 20,000. அதாவது ஒரு ஏக்கர். மஞ்சள் மாசியிலேயே வெட்டாகிவிடுவதால் சித்திரையில் நிலத்தில் இருக்காது என்று ஒரு வாதம் சொல்லலாம். ஆனால் அடுத்த நடவு வைகாசியில்; கிணறு அப்போதும் சித்திரை மட்டத்தில்தான் இருக்கும். இந்தப் பண்ணையத்தில் ஒரு ஏக்கருக்கு மேல் மஞ்சள் நட்டால், இன்னும் பெய்யாத மழையை நம்பி நட்டதாகும்.

தமிழ்நாட்டில் பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். சொட்டுநீர்க் கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடு மானியமும் உண்டு. இரண்டும் நல்ல உதவிகள். ஆனால் மின்கட்டணம் இல்லாததால் தண்ணீருக்கு விலையே இல்லை என்ற எண்ணம் கணக்கில் புகுந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு 1,000 அடிக்குப் போகும் ஊர்களில் துளையிடும் கூலி, குழாய், நீர்மூழ்கி மோட்டார், வயர் எல்லாம் சேர்ந்து சில லட்சங்கள் ஆகின்றன. அது பல நேரம் நகைக்கடனாக இருக்கிறது. அந்தத் தொகையை இறைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பயிரின் மேல் ஏற்றினால்தான் ஒரு வயல் தண்ணீரின் விலை தெரியும். அப்படிப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டாவது துளை போடுவதற்கு முன் பயிரை மாற்றிப் பார்ப்பார்கள்.

மேட்டுக்காட்டின் கணக்கு இதற்கு நேரெதிர். அங்கே செலவு மிகக் குறைவு. வரவும் மெதுவாக வரும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் இதற்குக் கொறங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப்புல் தரையில், வெள்வேல மரம் மேலே, சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களைப் போலன்றி இவை தனியார் நிலங்கள். வேலியிட்டுப் பிரித்த துண்டுகளில் மாட்டையும் ஆட்டையும் முறைவைத்து மேய்ப்பார்கள். ஒரு துண்டு மேயப்படும்போது மற்றது துளிர்க்கும். மழை ஓய்ந்த பிறகு நின்றபடியே காய்ந்த புல்லும் தீவனம்தான். புல் தீர்ந்த மாதங்களில் வெள்வேலங்காய் கை கொடுக்கும். காங்கேயம் மாட்டினம் வளர்ந்தது இந்த நிலத்தில். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்த வரலாறு கால்நடைத் துறையில் அறியப்பட்டது.

பொருளாதாரமாகப் பார்த்தால் கொறங்காட்டின் பலம் அதன் விளைச்சலில் இல்லை. காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் தரும். ஆனால் அதற்குக் கடையில் வாங்கும் தீவனம் ஏறத்தாழ வேண்டியதில்லை, கொட்டகை வேண்டியதில்லை, காவலுக்கு வேலியே போதும். மழை பொய்த்த ஆண்டில் பணமாக வெளியே போவது எதுவும் இல்லாத வருமானம் எது என்று தேடினால் இது ஒன்றுதான் மிஞ்சும். அந்த நிலத்தைச் சும்மா கிடக்கிறது என்று நினைத்து உழுது, ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னை வைத்தவர்கள் பலர். வருமானம் கூடியிருக்கலாம், வறட்சியைத் தாங்க இருந்த இடம் போய்விட்டது. மனை விற்பனையில் கொறங்காடு போவதைப் பண்ணைக் கணக்கு தடுக்க முடியாது. ஏக்கருக்குக் கிடைக்கும் விலை வேறு உலகத்தைச் சேர்ந்தது.

கட்டுத்தரைக்கு வந்தால், கலப்பினப் பசுவின் கணக்கு நாள்களால் ஆனது. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்ற இலக்குக்கு, ஈன்ற 85 நாளுக்குள் பசு மீண்டும் சினை பிடிக்கவேண்டும். கருப்பை தேறுவதற்கு முதல் 60 நாள் விட்டுவிடுவார்கள். பருவச் சுழற்சி 21 நாள் என்பதால் அந்த இடைவெளியில் கிடைப்பது ஒரு வாய்ப்பு, மிஞ்சினால் இரண்டு. காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுவது நடைமுறை. கோடையில் பல பசுக்கள் கத்தாமலே பருவம் கடந்துவிடும். இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் கட்டுத்தரையை ஒரு சுற்று வந்து பார்ப்பவருக்கே அது தெரியும். ஊசி போட்ட தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைப்பது பழைய வழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை, சுண்ணாம்பு அடிக்கும்வரை.

நாள் தவறினால் பணம் எவ்வளவு போகிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 300 நாள் சராசரி 10 லிட்டர் கறக்கும் பசு, லிட்டர் 36 ரூபாய், வரவு 1,08,000. அடர்தீவனம் உடல் பராமரிப்புக்கு ஒன்றே முக்கால் கிலோ, பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ. இதோடு சோளத்தட்டும் சேர்த்து நாளுக்கு 210 ரூபாய் என்றால் 300 நாளுக்கு 63,000. பால் வற்றிய 65 நாளுக்குத் தினம் 100 வீதம் 6,500. மிச்சம் 38,500, மாதத்துக்கு 3,200. பசுந்தீவனம், உழைப்பு, மருந்து, மாட்டின் விலைத் தேய்மானம் எல்லாம் இதிலிருந்துதான். அதே பசு 12 மாதத்துக்குப் பதில் 15 மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால், பால் இல்லாத 90 நாள் கூடுகிறது. மிச்சம் 29,500-ஆகக் குறைந்து, அதை 15 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 2,000-க்கும் கீழே. தாமதத்தில் கறவை சிறிது நீடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடைசி மாதங்களின் பால் தீவனச் செலவுக்கே சரியாகப் போகும். புண்ணாக்கு விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து வாங்க ஊர் ஊராக அலைபவர்கள் தவறிப்போன ஒரு பருவம் 2,100 ரூபாய் என்று எண்ணுவதில்லை.

அடர்தீவனச் செலவைக் குறைக்க வழி பசும்புல். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டால் முதல் அறுப்பு 75, 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஒரு மாட்டுக்கு 10 சென்ட் என்பது நடைமுறைக் கணக்கு. மூன்று பசுவுக்கு 30 சென்ட் போதும். இங்கே 40 சென்ட் வைத்திருப்பது கன்றுகளுக்காகவும் கோடை அறுப்புக் குறைவதற்காகவும். புல்லோடு வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமும் சேர்ந்தால் புரதத்துக்குக் கடையை நம்புவது குறையும். உலர்தீவனம் வாங்க ஏற்ற காலம் சோள அறுவடை. அப்போது ஓராண்டுத் தட்டை வாங்கிப் போர் போட்டு வைப்பவர் ஒரு விலைக்கும், பங்குனியில் லாரியில் இறக்குபவர் வேறொரு விலைக்கும் வாங்குகிறார்கள். போர் போடுவதற்குத் தேவையான பணம் தை, மாசியில் கையில் இருக்கவேண்டும். மஞ்சள் வெட்டுக்கூலியும் வேகவைக்கும் செலவும் அதே மாதங்களில்தான். இந்த மோதலை முன்கூட்டியே பார்த்து, மார்கழியில் இரண்டு கிடாக்களை விற்றுப் பணம் ஒதுக்குவது அனுபவப்பட்ட குடும்பங்களின் வழி.

ஆடு இந்தப் பண்ணையத்தில் செய்யும் வேலை அதுதான்: சில்லறையாக மாற்றிக்கொள்ளக்கூடிய சேமிப்பு. மேச்சேரி போன்ற கம்பளி இல்லாத இனங்கள் வறண்ட மேய்ச்சலுக்கு ஏற்றவை. சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகக் கவனித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. பசுவை விற்றால் பால் வருமானம் நின்றுபோகும். ஓர் ஆட்டை விற்றால் எதுவும் நிற்காது. ஒரு தேவை மட்டும் தீரும். பட்டியை இரவில் வயலில் மாற்றி மாற்றி அடைத்தால் எரு தானாக வயலுக்குப் போய்விடும். வண்டிச் செலவு இல்லை. மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும், ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கிவிட்டால் ஆட்டில் பெரிய இழப்புக்கு வாய்ப்புக் குறைவு. மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்தத் தேதிகளும் கணக்குப் புத்தகத்தில் இடம்பெற வேண்டியவைதான். கோமாரி வந்த கறவை பிழைத்தாலும் பழைய பாலுக்குத் திரும்புவது அரிது.

எருவின் மதிப்பு பெரும்பாலும் தவறாகவே போடப்படுகிறது. தொழுஎருவில் தழைச்சத்து அரை விழுக்காடு. ஏக்கருக்கு ஐந்து டன் போட்டால் 25 கிலோ தழைச்சத்து. யூரியாவில் ஒரு மூட்டைக்குச் சற்று மேல். அந்த விலையோடு ஒப்பிட்டால் எருவை வயலுக்கு ஏற்றி இறக்கும் கூலிக்கே கட்டாது. அப்படிக் கணக்கிட்டு எருவை விற்றுவிடுபவர்கள் உண்டு. மணற்பாங்கான செம்மண்ணில் எருவின் வேலை நீரைப் பிடித்து வைப்பது. இரண்டு பாசனத்துக்கு இடையில் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும் வயல், சித்திரைக் கிணற்றில் எத்தனை லிட்டரை மிச்சம் பிடிக்கிறது என்று பார்த்தால் அதன் விலை வேறு. கோமியம் வழிந்தோடிவிடாமல் கட்டுத்தரையில் சாய்தளம் போட்டு எருக்குழிக்கு விடுவது சிறிய வேலை; சத்தில் பெரும்பங்கு அதில் இருக்கிறது.

இயந்திரங்களில் சொந்தமா வாடகையா என்ற கேள்வி டிராக்டரில்தான் கூர்மையாகிறது. 8 லட்சம் ரூபாய் டிராக்டர் 10 ஆண்டு உழைத்து, கடைசியில் 80,000-க்கு விலை போகும் என்றால் ஆண்டுத் தேய்மானம் 72,000. சராசரி முதலீடு 4,40,000-க்கு 10 விழுக்காடு வட்டி 44,000. காப்பீடு, கொட்டகை, வரி 16,000. ஆக டிராக்டர் கொட்டகையில் அசையாமல் நின்றாலும் ஆண்டுக்கு 1,32,000. ஓடும்போது மணிக்கு டீசல், எண்ணெய், பழுது, ஓட்டுநர் சேர்ந்து 650 ரூபாய். வெளி வாடகை மணிக்கு 1,200 என்றால் சொந்த வண்டி மணிக்கு 550 மிச்சம் பிடிக்கிறது. 1,32,000-ஐ அப்படி ஈட்ட 240 மணி ஓடவேண்டும். ஏழு ஏக்கர் பண்ணையத்துக்கு ஐந்து கொத்து, ஒன்பது கொத்துக் கலப்பை உழவு, ரொட்டாவேட்டர், எரு இழுப்பு எல்லாம் சேர்த்தாலும் 60 மணியைத் தாண்டுவது கடினம். மீதி 180 மணியை அக்கம்பக்கத்துக்கு ஓட்டினால்தான் கட்டும். ஆனால் ஆடிப்பட்டத்தில் மழை விழுந்த மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். அன்று சொந்தக் காட்டை விட்டுவிட்டு வாடகைக்குப் போகவும் மனம் வராது.

வாடகையை நம்பியிருப்பவருக்கும் இதே இடத்தில்தான் இடர். ஈரம் நான்கு நாள் நிற்கும். டிராக்டர் ஆறாம் நாள் வரும். இந்த இழப்புக்கும் விலை உண்டு, அது வாடகைக் கணக்கில் தெரியாது. ஆகவே முழு டிராக்டருக்கும் முழு வாடகைக்கும் நடுவில் வழிகள் தேடப்படுகின்றன. நான்கு பங்காளிகள் சேர்ந்து ஒன்று வாங்குவது, யார் முதலில் உழுவது என்ற சண்டை வரும்வரை நன்றாக நடக்கும். களையெடுப்புக்கும் இடையுழவுக்கும் பவர் டில்லரோ பவர் வீடரோ சொந்தமாக வைத்துக்கொண்டு பெரிய உழவுக்கு மட்டும் வாடகைக்குப் போவது மேலானது. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். ஓர் ஆள் கூலி கிடைக்காத நாளில் ஒரு சிறு இயந்திரம் பயிரைக் காப்பாற்றிவிட்டால் தேய்மானக் கணக்கு சற்று விட்டுக்கொடுக்கலாம்.

பராமரிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. ஏர் கிளீனர், எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர் ஆகியவற்றைத் தினமும் பார்ப்பது, மணிமானியைப் பார்த்து எண்ணெய் மாற்றுவது, மோட்டாருக்கு வறண்டு ஓடினால் நிறுத்தும் கருவி பொருத்துவது, சொட்டுநீர் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுவது. இவற்றில் கடைசி ஒன்று விடுபட்டால் பக்கக் குழாய்கள் அடைத்து, மானியத்தில் வந்த கருவி இரண்டு ஆண்டில் வேலியோரம் சுருண்டு கிடக்கும்.

இனி பணம். மஞ்சளை வைத்துப் பார்ப்பது பொருத்தம். ஒரு ஏக்கரில் பச்சைக் கிழங்கு 10 டன். வேகவைத்து உலர்த்தினால் ஐந்தில் ஒரு பங்கு, 20 குவிண்டால். விதைமஞ்சள், உழவு, உரம், களை, வெட்டு, வேகவைத்து மெருகேற்றல் எனக் கையை விட்டுப் போன பணம் 1,60,000 என்று கொள்வோம். குவிண்டால் 10,000-க்கு விற்றால் 2,00,000. கையில் நிற்பது 40,000. வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒன்பது மாதத்தில் போட்ட உழைப்பு 100 நாள், நாளுக்கு 400 என்றால் அதுவே 40,000. இலாபம் என்று பெயர் சொன்னது குடும்பத்தின் கூலிதான். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் நட்டம். இந்த மூன்று படிகளுக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பெயர் வைத்திருக்கிறது. கையால் கொடுத்த செலவு ஏ2. அதோடு குடும்ப உழைப்பு சேர்ந்தது ஏ2 கூட்டல் எஃப்.எல்.; நில வாடகையும் முதல் வட்டியும் சேர்ந்தது சி2. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் பரிந்துரைத்த, ஆதரவு விலை செலவுக்கு மேல் 50 விழுக்காடு என்பதை எந்தச் செலவின் மேல் போடுவது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; 2018-இலிருந்து மத்திய அரசு எடுத்துக்கொண்டது நடுப்படியை. மஞ்சளுக்கு அந்த ஆதரவு விலையும் கிடையாது.

விலையின் ஆட்டம் எவ்வளவு என்பதற்கு ஈரோட்டுச் சந்தையே சான்று. 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள் 2012 தொடக்கத்தில் 4,000 ரூபாய் அளவுக்கு விழுந்தது. உயர்ந்த விலையைப் பார்த்துப் பரப்பைக் கூட்டியவர்களின் சரக்கு சந்தைக்கு வந்த நேரம் அது. மஞ்சளை உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதால் வைத்திருந்து விற்கலாம். வைத்திருக்க முடிவது கடன் தவணை நெருக்காதவருக்கு மட்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் சரக்கை இருப்பு வைத்து அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் பெற வழி இருக்கிறது. அறுவடைக் கடனை அதைக்கொண்டு அடைத்துவிட்டு, விலை தேறியதும் விற்பது ஒரு முறை. விலை தேறாமலும் போகலாம். கிடங்கு வாடகையும் வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். பாதியை வந்த விலைக்கு விற்று, பாதியை வைப்பவர்கள் பெரிய இலாபமும் பார்ப்பதில்லை, பெரிய அடியும் படுவதில்லை.

கடனுக்கு ஒரே விதி போதும்: கடனின் காலமும் அது உருவாக்கும் வருமானத்தின் காலமும் ஒத்திருக்கவேண்டும். உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு, உரிய நாளில் கட்டினால் 4. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய நாளில் கட்டுவோருக்கு வட்டியே இல்லை. இது ஒரு பயிர்க் காலத்துக்கான பணம். இதை எடுத்து ஆழ்துளை போட்டால் அடுத்த ஆண்டு திருப்பிக்கட்டத் தண்டலுக்கோ நகைக்கடனுக்கோ போகவேண்டிவரும். பசு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை சரி, பால் மாதந்தோறும் வருகிறது. டிராக்டர் கடனுக்கு அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணை கேட்டுப் பெறலாம். வாரத் தவணைக் குழுக்கடனை வாங்கி மஞ்சள் நடுவது மிகவும் ஆபத்தானது. ஒன்பது மாதத்துக்கு வாராவாரம் கட்டவேண்டிய பணம் பாலிலிருந்து போகும், அதனால் மாட்டுத் தீவனம் குறையும், பால் குறையும். 2018-19 முதல் உழவர் கடன் அட்டை கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. தீவனச் செலவுக்கு அதைப் பயன்படுத்துவோர் இன்னும் குறைவு.

காப்பீட்டில் நுணுக்கங்கள்தான் தொகையைத் தீர்மானிக்கின்றன. மாட்டுக்குக் காதில் போட்ட அடையாள வில்லை விழுந்துவிட்டால் இழப்பீடு கிடையாது. விழுந்த அன்றே தெரிவித்து மறுவில்லை போடவேண்டும். பயிர்க் காப்பீட்டில் காரிப் உணவுப் பயிருக்கு விவசாயி பங்கு 2 விழுக்காடு, ராபிக்கு ஒன்றரை, பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5. வருமானவரியில் ஒரு சிறு விசயம்: பயிர் வருமானத்துக்கு விலக்கு உண்டு, பால் வருமானம் வேளாண் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. மூன்று பசு வரை இது யாரையும் தொடாது. முப்பது பசுப் பண்ணை வைப்பவர் தெரிந்துகொள்ளவேண்டும்.

வறட்சியில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கொங்கில் தென்னைகள் கொண்டை சாய்ந்தன. தட்டு விலை ஏறியது. மாடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. அந்த ஆண்டில் இழப்பைக் குறைத்தவர்கள் செய்தது ஒன்றுதான்: கார்த்திகைக் கடைசியில் போரையும் கிணற்றையும் பார்த்து, எத்தனை மாட்டுக்கு ஆடிவரை தீனி இருக்கிறது என்று எண்ணி, மிகையானதை மார்கழிக்குள் விற்றார்கள். மாசிவரை மழையை எதிர்பார்த்தவர்கள், எல்லோரும் விற்கும் சந்தையில் போய் நின்றார்கள். வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில் கூடுவது. தீனி உள்ளவர் வாங்கவும் இல்லாதவர் விற்கவும் அதைவிட நெருக்கடியான மாதம் இல்லை. எதை விற்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. கிழட்டு மாடு, இரண்டு முறை சினை தங்காதது, பிறகு காளைக்கன்று. இளஞ்சினைக் கிடேரி கடைசி; அதைத் திரும்ப உருவாக்க மூன்று ஆண்டு ஆகும்.

இவ்வளவுக்கும் வேண்டிய புத்தகங்கள் மூன்று. அன்றாட வரவு செலவு ஒன்று. பயிருக்கும் மாட்டுக்கும் தனித்தனிப் பத்தி பிரித்து. கால்நடைக்கு ஒன்று, ஈன்ற நாள், ஊசி நாள், தடுப்பூசி, பால் அளவு. மூன்றாவது இருப்புப் பட்டியல்: சித்திரை முதல் நாளில் போர், எரு, விதை, மாடு, கருவி, கொடுக்கவேண்டிய கடன், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றின் மதிப்பு. இரண்டு ஆண்டுச் சித்திரைப் பட்டியல்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால், கையிருப்புப் பணம் சொல்லாத செய்தி தெரியும். பணம் கூடியிருந்தும் போர் காலியாகி, இரண்டு கிடேரி குறைந்திருந்தால் அந்த ஆண்டு முதலைத் தின்று கழித்த ஆண்டு. பணம் குறைந்திருந்து கன்றுகளும் எருவும் கூடியிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. வீட்டுச் செலவைப் பண்ணைச் செலவிலிருந்து பிரித்து எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பால் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் மளிகைக்குப் போகிறது. தீவனக் கடைப் பாக்கி ஆண்களின் கணக்கில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத வீட்டில் பசு வருமானம் தருகிறதா இல்லையா என்று கணவனும் மனைவியும் வேறு வேறு பதில் சொல்வார்கள், இருவர் சொல்வதும் அவரவர் பக்கத்துக்குச் சரியாகவே இருக்கும்.

மிச்சம் விழுந்த ஆண்டில் அதை எங்கே போடுவது என்பதற்கும் இதே புத்தகங்கள் வழி காட்டும். அதிக வட்டிக் கடன் முதலில் போகவேண்டும். அந்த அளவு வட்டியை எந்தப் பயிரும் ஈட்டித் தராது. அடுத்தது ஓராண்டுத் தட்டும் ஆறு மாத வீட்டுச் செலவும். பிறகு கிணறு தூர்வாருதல், வரப்பு, எருக்குழி, வேலி போன்ற நீண்டநாள் வேலைகள். புதிய இயந்திரமும் கூடுதல் மாடும் இவற்றுக்குப் பின்னால், சித்திரைத் தண்ணீர் அவற்றைத் தாங்குமா என்று மறுபடி அளந்த பிறகு.